வண்டிலில் வந்த சுறா

என் பிள்ளைக்கென்று வாங்கிய வண்டிலில் முதன்முதலாக ஏறியது என் பிள்ளை அல்ல. இதை இத்தனை வருஷமாக நான் வெளியில் சொன்னதில்லை. (வெளியில்தான். வீட்டுக்குள் இதைச் சொல்லிச் சிரிக்காத மாதமில்லை.)

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எங்கெங்கோ சுற்றி, மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. மெஷினில் மூடி சிக்கினால் எடுக்கத் தெரியும். ஆபத்து வந்தால் முருகனைக் கூப்பிடத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே கோட்-டெ-நெய்ஜில் ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி எட்டு வருஷம் எங்களுக்குப் பிள்ளையில்லை. எட்டு வருஷமும் கந்தசஷ்டி விரதம் பிடித்தேன். ஒன்பதாவது வருஷம், இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆனபிறகு ஒரு கார்த்திகை மாதத்தில், முருகன் மனமிரங்கி ஒரு பெண்பிள்ளையைத் தந்தான். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும் போல அவ்வளவு சின்னப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் அவளை என் கையில் தந்தார்கள். இவ்வளவு சின்ன விரலுக்கும் நகம் வைத்து அனுப்பியிருக்கிறானே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை தொடங்கியது. என் மனைவி மலருக்குப் பால் போதவில்லை. பிள்ளை அழுதது, களைத்துத் தூங்கியது, எழும்பித் திரும்ப அழுதது. வட்டாரக் கிளினிக்கிலிருந்து எடை பார்க்க வந்த நேர்ஸ், தராசைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "வியாழக்கிழமை திரும்ப வாறன். எடை ஏறாவிட்டால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டி வரும்" என்று இங்கிலீசில் ஆறுதலாக விளக்கினார். அன்று திங்கள்.

மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. என் தாயார் இல்லை. ஆக, எங்கள் வீட்டில் பிள்ளைப்பேறு பற்றித் தெரிந்த ஒரே ஆள் மேல்மாடி சரசக்கா. நான்கு பிள்ளை பெற்றவர். அவருடைய வார்த்தைக்கு அந்தக் கட்டடத்தில் அப்பீல் கிடையாது.

"தம்பி, உவையின்ரை தராசை விடும். பெத்தவளுக்குப் பால் சுறா குடுத்தனீரோ?"

"இல்லை அக்கா."

"பால் சுறா வறை குடுக்காமல் பால் எங்கையிருந்து வரும்? குழாயிலையிருந்தோ? போம், போய் ஒரு சுறா வாங்கிக்கொண்டு வாரும். முழுசாய் வேணும். துண்டு வேண்டாம். வெட்டினதை நம்பேலாது."

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறா அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளிப்பூண்டும் போட்டு வறை செய்து கொடுப்பது அறிந்த விஷயம். எனக்கும் சந்தேகம் வரவில்லை. கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டுத் தேடலாம் என்றால், பிள்ளை பிறந்த துடக்கு வீடு. முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயில் படி மிதிக்க முடியாது. எட்டு வருஷம் வாசலில் கிடந்தவனுக்கு, அவசரமான நேரத்தில் கதவடைப்பு. பஸ் தரிப்பில் நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "முருகா, ஒரு சுறா" என்று கேட்டுக்கொண்டேன். (எந்தப் படைவீட்டிலும் அவனிடம் யாரும் இப்படி ஒரு வரம் கேட்டிருக்கமாட்டார்கள்.)

செவ்வாய்க்கிழமை, சந்தையில் ஒரு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரி ஒரு மதாம். வெள்ளை ஏப்ரன், சிவந்த கை, கதவளவு தோள். எனக்குப் பின்னால் நல்ல வரிசை. என் பிரெஞ்சு "பொன்ஷூர்" உடன் முடிந்துவிடும். சுறாவுக்குப் பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. உள்ளங்கைகளைச் சேர்த்து மண்டையில் மீன் செட்டை மாதிரி வைத்துக் காட்டினேன். அது அவருக்கு விளங்கியது. ஆனால் இல்லை என்று தலையாட்டினார்.

எனக்கு ஏமாற்றம். ஏன் வேண்டும் என்று விளக்கினால் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார் என்று நினைத்தேன். பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இரண்டு கையையும் என் நெஞ்சில் வைத்து, அங்கிருந்து பால் பீறிட்டு வருவதுபோல விரல்களை விரித்து விரித்துக் காட்டினேன். மதாம் அசையவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று இன்னும் பலமாக, சத்தத்தோடு காட்டினேன்.

இறால் தட்டில் ஐஸ் உருகுகிற சத்தம் கேட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணா... பால் சுறாவா கேக்கறீங்க?"

திரும்பிப் பார்த்தால் ஒரு தமிழ்ப் பிள்ளை. தூத்துக்குடி, பெயர் செல்வி, இங்கே பல்கலைக்கழகத்தில் கடல் மீன்களைப் பற்றிப் படிக்கிறாளாம். என்னுடைய நாடகத்தை முதலிலிருந்தே பார்த்திருக்கிறாள். மொன்றியல் நகரம் முழுக்கத் தேடினாலும், நான் என்ன காட்டுகிறேன் என்று விளங்கக்கூடிய இன்னொரு ஆள் இருந்திருக்க மாட்டாள். அவள் மதாமுக்குச் சொன்னாள். மதாம் என்னைப் பார்த்த பார்வை கொஞ்சம் இளகியது. பிறகு மளமளவென்று ஏதோ பேசினார். செல்வி தமிழில் சொன்னாள்.

"அவங்க சுறா விக்கறத நிறுத்திட்டாங்களாம் அண்ணா. பால் குடுக்கற அம்மாவுக்கு சுறா கூடாதுன்னு சொல்றாங்க. மத்த மீனைச் சாப்பிடற பெரிய மீன்ல பாதரசம் சேரும். அதுவுமில்லாம சுறா மத்த மீன் மாதிரி ஆயிரக்கணக்கா முட்டை போடாது. ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் குட்டி போடும், அதுவும் கொஞ்சமா. பிடிச்சிட்டே இருந்தா தீந்துடும்."

"தங்கச்சி, எங்கட ஊரிலை எல்லாரும் சாப்பிட்டுத்தானே வளந்தனாங்கள்?"

"எங்க ஊர்லயும்தாண்ணா. எங்கம்மாவே சாப்பிட்டாங்க. அதான் நான் சண்டை போடாம சொல்றேன்."

நல்ல பிள்ளை. ஆனால் நான் நம்பவில்லை. சரசக்காவா, பல்கலைக்கழகமா என்று வந்தால் எங்கள் கட்டடத்தில் யார் வெல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு வெளியில் வந்தேன்.

புதன்கிழமை காலை ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்டுக்குப் போகிற வேலை இருந்தது. என்னோடு முன்னர் வேலை செய்த ஒருவர், தன் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பேபி வண்டிலைத் தருவதாகச் சொல்லியிருந்தார். நல்ல வண்டில். மேலே கூரை, சுற்றிவர தடிப்பான துணி, போர்த்த ஒரு மஞ்சள் போர்வை. அதைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு வரும் வழியில் ஒரு மீன்கடை. கண்ணாடிக்குள்ளே, ஐஸுக்கு மேலே, முழுசாய், வெட்டாமல், ஒரு சுறா!

கிட்டத்தட்ட என் இடுப்பளவு நீளம். சாம்பல் முதுகில் வெள்ளைப் புள்ளிகள். முருகனே வழியில் கொண்டுவந்து வைத்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு இஷ்டமானதெல்லாம் முருகன் வேலை என்று நினைக்கிற வயது அது.

வாங்கியாயிற்று. பையில் அடங்கவில்லை. வால் வெளியில் நின்றது. பத்தடி நடக்கமுன் பை கிழிந்தது. கையில் தூக்கிக்கொண்டு மெற்றோவில் ஏற முடியாது. பக்கத்திலே வெறும் வண்டில். பிறகு நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். சுறாவைப் பேப்பரில் சுற்றி, தலைமாட்டில் தலையும் கால்மாட்டில் வாலுமாகக் கிடத்தி, மஞ்சள் போர்வையால் கழுத்துவரை போர்த்தி, கூரையை இழுத்துவிட்டேன். பார்க்கத் தத்ரூபமாக இருந்தது.

அன்றைக்குத்தான் இந்த நாட்டில் தகப்பனுக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரிந்தது. பஸ் சாரதி எனக்காகக் காத்து நின்றார். இரண்டு தடியன்கள் வண்டிலின் முன்பக்கத்தைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். மெற்றோவில் மூன்று பேர் ஒரே நேரத்தில் இடம் தந்தார்கள். ஒரு மனுசி வாயில் விரலை வைத்து, பக்கத்தில் சத்தம்போட்ட மாணவர்களை அடக்கினார், பிள்ளை தூங்குகிறதென்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். எட்டு வருஷம் கழித்துத் தகப்பனான மனுஷன். அந்த மரியாதை எனக்கு நன்றாகத்தான் பிடித்திருந்தது. இடைக்கிடை போர்வையைச் சரிசெய்துகூட விட்டேன்.

சுறாவுக்கு ஒரு குணமுண்டு. சூடு பட்டால் மூத்திர நெடி அடிக்கும். குளிர்காலத்து மெற்றோவுக்குள் நல்ல சூடு. மூன்றாவது தரிப்பில் நெடி கிளம்பியது. நான்காவது தரிப்பில் அந்த மனுசி என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்து, தன் பின்பக்கத்தைத் தட்டி, துணி மாற்றவேண்டும் என்று சைகை காட்டினார். ஐந்தாவதில் சுற்றியிருந்த எல்லோரும் அந்தத் தகப்பனின் பொறுப்பின்மையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நான் மரியாதையோடு ஏறினேன், அவமரியாதையோடு இறங்கினேன். நடுவில் சுறா எதுவும் செய்யவில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் கதவு மூடும் நேரம் ஒரு கை உள்ளே வந்து தடுத்தது. நேர்ஸ்! வியாழக்கிழமை வரவேண்டியவர், அந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால் புதனே வந்துவிட்டார். தொலைபேசியில் மலரிடம் சொல்லியுமிருக்கிறார். என்னிடம் அப்போது கைத்தொலைபேசி கிடையாது.

என்னைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. "மெஸியே! இந்தக் குளிரிலேயா பிள்ளையை வெளியிலே கொண்டுபோனீர்கள்? எடை குறைந்த பிள்ளையை?"

"இல்லை, மதாம்... இது..."

மூக்கை உறிஞ்சினார். "உடனே துணி மாற்றவேண்டும்."

கூரையைத் தள்ளி, போர்வையோடு பேப்பரையும் சேர்த்து விலக்கினார்.

நான் கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகள் பார்த்தவர். சுறாவை நன்றாகக் குனிந்து பார்த்தார், அது திறந்த கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு போர்வையை மெல்ல இழுத்து மூடிவிட்டு, ஐந்தாம் மாடிப் பொத்தானை அமத்தி, கதவைப் பார்த்தபடி அமைதியாகச் சொன்னார்:

"இது அவள் இல்லை."

மேலே சென்றால், சரசக்கா கத்தியும் பலகையுமாகத் தயார். நேர்ஸ் பிள்ளையை நிறுத்தார். எடை ஏறவில்லை. மலர் சுவர்ப்பக்கம் திரும்பி அழத் தொடங்கினாள். நேர்ஸ் ஒரு பேப்பரை எடுத்து மேசையில் வைத்தார். மீன்களின் படம். பால் கொடுக்கிற தாய் தவிர்க்கவேண்டிய வரிசையில் முதலாவதாக நின்றது என் சுறா. இன்னொரு பக்கத்தில், கடலில் குறைந்துகொண்டு போகிற மீன் வரிசையிலும் அது நின்றது. செல்வி சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

"பேப்பர் கிடக்கட்டும்," என்று சரசக்கா சுறாவின் வயிற்றைக் கீறினார்.

கீறிய கை நின்றது.

"தம்பி... இஞ்சை வாரும்."

வயிற்றுக்குள் குட்டிகள். விரல் நீளம்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பை தொங்கியது, கோழி முட்டையின் கருபோல. சின்னக் கண். சின்னச் செட்டை. தாயின் முதுகில் இருந்த அதே வெள்ளைப் புள்ளிகள், ஊசியால் குத்தினமாதிரி, அதிலும் இருந்தன. நகம் வைத்து அனுப்புகிறவன், கடலுக்கடியில், ஒருவரும் காணாத இருட்டுக்குள்ளே, இதற்கும் புள்ளி வைத்து அனுப்பப் பார்த்திருக்கிறான்.

எண்ணினேன். ஆறு.

திரும்ப எண்ணினேன். ஆறுதான்.

நான் முருகனுக்கு எட்டு வருஷம் சஷ்டி பிடித்தவன். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகள் கிடந்ததும், கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்ததும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கார்த்திகை மாதம். துடக்கு வீடு. பாலுக்காக நான் கொண்டுவந்த மீன். சரசக்காவின் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன். நேர்ஸ்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு ஆறின் கணக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சியைத் தெரியும்.

அறை வாசலில் மலர், பிள்ளையோடு. எப்போது எழும்பி வந்தாள் என்று தெரியாது. "அதுவும் சுமந்துகொண்டு இருந்திருக்குது என்ன..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நேர்ஸிடம் திரும்பி, "எனக்கு எப்பிடிப் பிடிச்சுப் பால் குடுக்கிறதெண்டு திரும்பக் காட்டுங்கோ" என்று கேட்டாள். நேர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, என்னைப் பார்த்து: இரண்டு மணிக்கொருதரம் பால், நடுவில் மலர் தூங்கவேண்டும், சமையல், துணி, பாத்திரம் எல்லாம் மெஸியே (நான்தான்). வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன், ஆஸ்பத்திரியை அன்றைக்கு முடிவுசெய்யலாம் என்றார்.

சுறாவை எறிய மனம் வரவில்லை. "கொன்றதை எறிஞ்சால் ரெண்டு பாவம்" என்று சரசக்கா வறை செய்தார். மலருக்குக் கூடாது. சரசக்கா அன்றைக்குச் சைவமாம் (திடீரென்று). மூன்று நேரமும் நானே சாப்பிட்டேன். பால் சுரக்கவேண்டிய குறை எனக்குத்தான் என்பதுபோல.

குட்டிகளை என்ன செய்வது? வெளியில் நிலம் இரும்பாய் உறைந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு பெரிய தொட்டியில் கறிவேப்பிலைச் செடியொன்று வைத்திருந்தோம். நாலு இலையோடு சாவதா வாழ்வதா என்று யோசித்துக்கொண்டு நின்ற கண்டு. வெள்ளைத் துணியில் சுற்றி, ஆறையும் அதன் அடியில் தாட்டேன். தேவாரம் சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள், நேர்ஸ் தந்த பேப்பரோடு முதல் மதாமின் கடைக்கே போனேன். என்னைக் கண்டதும் அவர் கை தன்னாலே நெஞ்சுக்குப் போனது. இருவரும் சிரித்துவிட்டோம். செல்வி இல்லை. அவருடைய உடைந்த இங்கிலீசும் என் உடைந்த இங்கிலீசும் சேர்ந்து ஒரு முழு இங்கிலீசு ஆகியது.

பாவமில்லாத மீனைக் காட்டு என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். கூட்டில் வளர்த்த சால்மனைக் காட்டினார்: இதைப் பிடிக்கப் போய் ஆற்று மீனை அழிக்கத் தேவையில்லை, ஆனால் இதற்குத் தீனியாக எத்தனையோ சின்ன மீனை அரைக்கிறார்கள், கழிவெல்லாம் கூட்டுக்கு அடியில். காட்டுச் சால்மனைக் காட்டினார்: தானாக நீந்திய மீன், ஆனால் நாட்டின் மறுகரையிலிருந்து விமானம் ஏறி வந்தது. குளத்தில் வளர்ந்த ட்ரவுட்: தண்ணீர் சுத்தம், தீனி அதே தீனி. கயிற்றில் வளர்கிற மட்டி: யாரும் தீனி போடவேண்டாம், கடலையும் துப்புரவாக்கும். (அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனால் சரசக்கா எங்களை ஜாதிவிட்டுத் தள்ளுவார் என்று மதாமுக்கு எப்படி விளக்குவது?) ஒன்றிலாவது பழியில்லை என்றால், இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஒரு கறிக்குள்ளே இவ்வளவு உலகமா!

"உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?" என்றேன்.

அவர் கிழக்கே காஸ்பே கடற்கரையில் பிறந்தவராம். தகப்பன் கொட் மீன் பிடித்தவர். சிறுமியாக இருந்தபோது மீன் எப்படி வந்தது என்று காட்ட இரண்டு கையாலும் காற்றை அள்ளி அள்ளிக் கொட்டினார். பிறகு ஒருநாள், மீன் இல்லை. கடலை மூடு என்று அரசாங்கம் சொன்னது. தகப்பன் படகைக் கரையில் கவிழ்த்துவிட்டு, சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். முடிவைச் சொல்லாமல், கைகள் இரண்டையும் வெறுமையாக விரித்து என் முன்னே காட்டினார்.

எங்கள் ஊர்க்கரையிலும் படகுகள் கவிழ்ந்துதான் கிடந்தன. அங்கே கடலில் மீன் இருந்தது. யுத்தம் மனிதரைப் போக விடவில்லை. இங்கே போகலாம், மீன் இல்லை. அந்த இரண்டு கடலையும் அந்த வெறுங்கைகளில் ஒன்றாகக் கண்டேன். வற்றாது என்று நான் நினைத்திருந்த ஒரே பொருள் கடல்.

கடைசியில் மதாம் ஹெரிங் என்கிற சின்ன மீனைப் பேப்பரில் சுற்றித் தந்தார். எங்கள் சூடை மீனுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. கெதியாகப் பெருகும், பாதரசம் குறைவு, கொழுப்பு நல்லது, பக்கத்துக் கரையிலிருந்து வந்தது. "இதையும் அளவாகத்தான்," என்று விரல் காட்டி எச்சரித்தார். மிளகு மல்லியெல்லாம் சேர்த்துச் சரக்கரைத்துக் குழம்பு வைத்து, முள்ளெடுத்து, மலருக்கு நானே கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை தராசில் முள் அசைந்தது. கொஞ்சம்தான். ஆனால் மேல்பக்கம். நேர்ஸ் சிரித்தார். மலர் அழுதாள், இம்முறை சுவர்ப்பக்கம் திரும்பாமல். நான் முழங்காலில் விழுந்துவிட்டேன். தராசுக்கா, முருகனுக்கா என்று எனக்கே தெரியாது.

பால் எதனால் வந்தது என்பதில் இன்றுவரை ஒற்றுமையில்லை. நேர்ஸ் காட்டிக்கொடுத்த பிடி என்கிறாள் மலர். ஹெரிங் என்கிறார் மதாம். சுறா வெந்த மணம் மூக்கில் ஏறினதே போதும் என்கிறார் சரசக்கா. நான் யாரோடும் வாதாடுவதில்லை. முப்பத்தொன்று கழிந்த மறுநாள் கோயிலுக்குப் போய், ஆறுமுகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தக் கறிவேப்பிலை இன்று கூரையைத் தொடுகிறது. மொன்றியலில் பாதித் தமிழ் வீட்டில் அதன் கண்டு நிற்கிறது. என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அழகான முருகன் பெயர் இருக்கிறது, வீட்டில் சுறாக்குட்டி. மீன்கடைக்கு இப்போது அவளும் வருகிறாள். எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது, எதைத் தின்று வளர்ந்தது என்று அருமையான பிரெஞ்சில் மதாமைக் குடைவாள். நான் கையைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கையை வெளியில் எடுத்தால் மதாம் சிரிக்கத் தொடங்கிவிடுவார்.

ஆனால் வீட்டிலிருந்து புறப்படும்போது, நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு, "மீன் வாங்கிக்கொண்டு வாறன்" என்று குரல் கொடுத்தால் போதும். உள்ளேயிருந்து மலரின் பதில் தவறாமல் வரும்:

"வெளியிலை குளிர். போர்வை கொண்டு போங்கோ."